ஸ்மைலினும் ஒரு சுண்டுவிரலும்

மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை மாடியில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள் ஸ்மைலின். படித்து முடித்தவர்களுக்குக் கம்பெனிகளிடம் பேசி வேலையும் வாங்கித் தருவாள். பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவள்தான். அதை விட்டுவிட்டு, அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிற எங்களைத் தேடி வீடு வீடாக வந்தாள். அவளுடைய அம்மையும் கொட்டை உடைத்துத்தான் அவளைப் படிக்க வைத்தது.

"நான் அஞ்சாங்கிளாஸ், மக்களே. என்னெ விடு" என்றேன். என் பக்கத்தில் இருந்து கொட்டை உடைக்கிற செல்லபாய் போனாள். பன்னிரண்டு வரை படித்தவள், வயது நாற்பத்தொன்று. பகலெல்லாம் கொட்டை, சாயங்காலம் மாடிப்படி.

"இஞ்சினியரம்மா வந்தாச்சு" என்று அவளுடைய வீட்டுக்காரர் ஞானையன் கேலி பண்ணுவார்.

"இஞ்சினியரம்மா கஞ்சி வைக்க மாட்டா. நீரே வச்சுக் குடியும்" என்பாள்.

எட்டு மாதம் கழித்து நாகர்கோவிலில் ஒரு கம்பெனி வேலைக்குப் பரீட்சை. ஜெயித்தால் அந்த மாடியிலேயே இருந்து செய்கிற வேலை. கொட்டை உடைக்க வேண்டாம். ஸ்மைலின் கூட்டிக்கொண்டு போனாள், துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன்.

வாசலில் கைரேகைப் பெட்டி வைத்திருந்தார்கள். செல்லபாய் பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் சிவப்பு. இருபது வருஷமாகக் கொட்டையின் எண்ணெய் பட்டு வெந்த விரல். ரேகை எங்கே இருக்கும்?

"ஆதாரோட ஒத்து வரல. ஓரமா நில்லுங்கம்மா" என்றார் வாசலில் இருந்தவர். கதவடைக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

செல்லபாய் கையை முந்தானைக்குள் சுருட்டினாள். "வாட்டி, போவோம்" என்றாள் என்னிடம்.

ஸ்மைலின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மைக்க கையப் பாத்து வளந்தவ நான். இத மறந்துட்டேனே அக்கா!" பிறகு, "ரேஷன் கடை மிஷினுல அம்மைக்குச் சுண்டுவிரலுதான் விழும்" என்று செல்லபாயின் கையைப் பிடித்து இழுத்தாள். "சார், ஆதாருக்குப் பத்து விரலும் எடுத்திருக்குல்லா? ஒரே ஒரு தடவ."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியை முன்னால் தள்ளினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பச்சை!" என்றாள் ஸ்மைலின். கண்ணைத் திறந்து பார்த்தால் செல்லபாய் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை முடிந்து சந்தோஷமாகத் திரும்பினோம். பஸ்ஸில் ஸ்மைலினுக்கு மட்டும் வேறு நினைப்பு. "போன வருஷம் நம்ம அண்டி ஆபீஸ் ஜெபகனி அக்கா பரீட்ச எழுதாமத் திரும்பி வந்தாவ. தலைவலின்னாவ. பயந்துட்டாவன்னு நான் ஏசினேன்" என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஜெபகனியின் வீட்டுக்குத்தான் நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"அக்கா, அண்ணைக்கு ஒங்களுக்குத் தலைவலி இல்லதானே?"

ஜெபகனி சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அத்தன பேருக்கு முன்னால எனக்க வெரலு விழல்லன்னு எப்பிடிச் சொல்லுவேன், மக்களே?"

"என்னெ மன்னிச்சிருங்க" என்றாள் ஸ்மைலின்.

செல்லபாய் ஜெபகனியின் சுண்டுவிரலைப் பிடித்துத் தூக்கி, "ஏட்டி, இதக் கழுவி வை. அடுத்த பரீட்சைக்கு வேணும்" என்றாள்.