டிஹுவானா படம் பார்த்த ஞாயிறு

நாங்கள் குடியேறியிருந்த லிட்கம் என்ற புறநகரில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் நான் மெக்சிக்கோவைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பாவின் நண்பரான அங்கிள் ஒருவர் அமெரிக்கா போய் வந்திருந்தார். அந்த நாட்களில் வெளிநாடு போய் வந்தவர்கள் தெரிந்தவர்களை எல்லாம் கூட்டி இருத்தி, சுவரில் ஒளிபாய்ச்சிச் சிலைட் படம் காட்டாமல் விடமாட்டார்கள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்ப்பது மற்றவர்களின் கடமை.

ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாரும் கொட்டாவி விடவில்லை. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தா. அவவின் கணவர், என் சித்தப்பா, அமெரிக்காவில் சான் டியேகோவில் வேலை கிடைத்துப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போனதும் அவவை அங்கே கூப்பிடுவதாகச் சொல்லிப் போனவர். முதலில் கிழமைக்கு ஒரு கடிதம் வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று, கடைசியாக நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை. அங்கிள் அவரோடு நான்கு நாள் தங்கியிருந்தார்.

"இவரின்ர முகத்தையெண்டாலும் பாப்பம்," என்று சொல்லி, சின்னம்மா காலையிலேயே தலை முழுகி, நாவல் நிறச் சேலை கட்டி, முன் கதிரையில் வந்து இருந்தா. அப்பா ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு மத்தியான வெயிலை மறைத்தார்.

சான் டியேகோவிலிருந்து எல்லையைத் தாண்டினால் மெக்சிக்கோவின் டிஹுவானா. இருவரும் ஒரு நாள் அங்கே போயிருந்தார்கள். இரட்டைக் கோபுரத் தேவாலயம், பந்து விளையாடும் பெரிய மாளிகை, கடற்கரையில் காளைச் சண்டை அரங்கு, அதன் பக்கத்தில் எல்லைக்கல். சித்தப்பா கல்லில் கை வைத்துச் சிரித்தபடி நின்றார்.

"சாப்பாடு ஒத்துக்கொண்டிட்டுது போல. கொழுத்திட்டார்," என்றா சின்னம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது ஒரு வரிக்குதிரை வண்டி. அங்கிள் மெல்ல "அட" என்றது எனக்குக் கேட்டது. வண்டியில் சித்தப்பா அகலத் தொப்பி போட்டு இருந்தார். பக்கத்தில் அதே மாதிரித் தொப்பியோடு ஒரு பெண். அவள் கை அவருடைய முழங்காலில் இருந்தது.

"ஆர் அந்த அன்ரி?" நான்தான் கேட்டேன்.

"இடம் காட்ட வந்தவ," என்ற அங்கிள், உடனே அடுத்த படத்துக்குப் போனார். ஏதோ கடைத்தெரு.

"முந்தினதைப் போடுங்கோ," என்றா சின்னம்மா.

"அது தெளிவில்லாத படம், பிள்ளை."

"பரவாயில்லை. போடுங்கோ."

போட்டார். கனநேரம் பார்த்துவிட்டுச் சின்னம்மா கேட்டா: "அது என்ன மிருகம்?"

"கழுதைதான். வெள்ளைக் கழுதை கறுப்பு வெள்ளைப் படத்தில வடிவாய் விழாதாம். அதுக்காக வரி கீறத் தொடங்கினவையாம்."

"ஓ. நல்லாத்தான் கீறியிருக்கினம்."

எல்லாருக்கும் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழுந்து குசினிக்குப் போனா. அம்மாவும் பின்னால் போனா. தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது, தேத்தண்ணி வரவில்லை. மிச்சப் படங்களைக் காட்டாமலே அங்கிள் பெட்டியைக் கட்டியதில் எனக்குப் பெரிய கோபம். காட்டக்கூடாத படங்களை அவர் முதலே எடுத்து ஒதுக்கி வைத்தாராம். ஒன்று மட்டும் தப்பிவிட்டதாம். இதை அப்பா சொல்ல நான் கேட்டது பத்து வருடம் கழித்து. சித்தப்பா அதற்குள் ஒருமுறையும் வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் வார இறுதிப் புதினம் சொல்வது என் முறை. டிஹுவானாவில் பார்க்கவேண்டிய இடங்களை ஒன்றும் விடாமல் சொன்னேன். கழுதை வண்டியில் என் சித்தப்பாவும் ஓர் அன்ரியும் இருந்ததையும் சொன்னேன். ஆசிரியை என் கொப்பியில் பொன்நிற நட்சத்திரம் ஒட்டினார்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். சின்னம்மா குசினியில் தனியே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தா. வகுப்பில் சொன்னது முழுவதையும் அவவுக்கும் வரிசை பிசகாமல் சொன்னேன். சீவுவதை நிறுத்தாமல் கடைசிவரை கேட்டா.

"அந்த அன்ரி வடிவோ?" என்றா.

படத்தை என்னைவிடக் கிட்ட இருந்து பார்த்தவ அவ. என்னிடம் ஏன் கேட்கிறா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று, நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னேன்:

"ஓம் சின்னம்மா. சரியான வடிவு."

அவ தலையாட்டினா. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னா.