போன படமும் வராத படமும்

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கணினிதான். ஆனால் அதற்குள் இரண்டு குடித்தனம் நடந்தது. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் தோன்றும். மேல் வரி மாமாவுடையது, லினக்ஸ். கீழ் வரி சித்தப்பாவுடையது, விண்டோஸ். அம்புக்குறியை நகர்த்தி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அது தானாகவே மாமாவின் பக்கம் போய்விடும். அப்படி அமைத்து வைத்தவர் மாமா. அது அநியாயம் என்று சித்தப்பா எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்பா தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவருடைய தம்பியான சித்தப்பா எங்களோடே இருந்தார். வரக்காப்பொலயில் கணினியும் போனும் திருத்தும் கடையொன்றில் அவருக்கு வேலை. அம்மாவின் தம்பியான மாமா கொழும்பில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரித்தார். மாதத்தில் இரண்டொரு தடவை எங்களைப் பார்க்க வருவார்.

கணினியைக் கொண்டுவந்தவர் மாமா. அவருடைய அலுவலகம் வேண்டாமென்று கழித்த பழைய பெட்டி. படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். திரை அடுத்த பயணத்தில் வந்தது. கணினியைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் ஸ்டோரில் ரப்பர் ஷீட் அழுத்தும் ரோலரைப் போலக் கேட்கும். கிழமைக்கு ஒரு தடவையாவது நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். அந்த ஒரு விஷயத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

“ஒங்க லினக்ஸ யாரு மச்சான் விக்கிறா?” என்று சித்தப்பா தொடங்குவார்.

“யாரும் விக்கல. ஒலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதி சும்மா குடுக்கிறாங்க.”

“நொமிலேவா? சும்மா கெடைக்கிறது ஆஸ்பத்திரி மருந்து மாதிரிதான். எல்லா நோவுக்கும் ஒரே வெள்ளக் குளிச.”

“ஒன்னோட விண்டோஸ் மட்டும் என்ன, காசு குடுத்தா வாங்கின? கடையில காப்பி அடிச்ச சிடிதானே. களவாணிச் சரக்கு.”

“களவோ கிளவோ, அரசாங்கக் கச்சேரியில இருந்து கச்சான் கடை வரைக்கும் ஊரே அதுலதான் ஓடுது.”

“அதான் ஊருக்கே வைரஸ் புடிச்சுக் கெடக்கு.”

மாமாவின் பெருமை ஒன்றுதான். லினக்ஸுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை என்பார். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் கோயிலில் பேசுவதுபோலத் தாழும். சித்தப்பா அசரமாட்டார். “தொறந்து பாத்து நாம என்ன செய்யப் போறோம் மச்சான்? வீட்டுக் கதவ ராவும் பகலும் தொறந்து வச்சா மாடுதான் உள்ள வரும்.”

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். “ஆளுக்குப் பாதியா பிரிச்சு வச்சுக்கங்க. எம்புள்ள அவ அம்மாவப் பாக்கணும். அம்புட்டுத்தான்.” தம்பிக்குக் கல்யாணமானால் லயத்து அறையான காம்பராவின் நடுவே பலகை அடித்து இரண்டாக்குவார்களே, அதேபோலக் கணினியின் வட்டையும் இரண்டாக்கினார்கள். சித்தப்பாவின் பக்கத்தில் கார் ஓட்டும் விளையாட்டு இருந்தது. மாமாவின் பக்கத்தில் எல்லாமே தமிழில் இருந்தது. கோப்பு, திருத்து, உதவி என்று திரையின் உச்சியில் வரிசையாக எழுதியிருக்கும். “ஃபைல்னு போட்டா எல்லாருக்கும் வெளங்கும். கோப்புன்னா கிளாக்கர் ஐயாவுக்குக்கூட வெளங்காது” என்று சித்தப்பா சிரிப்பார்.

நான் இரண்டு பக்கமும் வாழ்ந்தேன். மாமா வந்திருந்தால் மேல் வரி, சித்தப்பா வீட்டில் இருந்தால் கீழ் வரி, இருவரும் இருந்தால் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பேசுவார். அங்கே எசமானி பகல் தூக்கம் போடும் நேரம் அது. அந்த வீட்டு மகள் பழசாகிப்போனதென்று கொடுத்த போன் ஒன்று அம்மாவிடம் இருந்தது. இங்கே, நீள வயரில் இணைய டொங்கலை மாட்டி ஜன்னல் கம்பியில் கட்டினால்தான் சிக்னல் வரும். சித்தப்பா கடையிலிருந்து கொண்டுவந்த சின்னக் கேமரா திரையின் தலையில் கிளி போல உட்கார்ந்திருக்கும். அம்மாவின் முகம் முதலில் சதுரம் சதுரமாக வரும். பிறகு சதுரங்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும். பின்னால் வெள்ளை ஓட்டுச் சுவர், அதில் தொங்கும் கரண்டிகள். அந்தச் சமையலறையை எங்கள் வீட்டின் இன்னொரு அறைபோல எனக்குத் தெரியும்.

அம்மா போன நாளிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டவர் அப்பா. ரப்பர் மரத்தில் அவர் எடுக்கும் வெட்டு அத்தனை நேர்த்தி. என் தலையில் எடுத்த வகிடு மட்டும் புளத்கொகுபிட்டிய ரோடு மாதிரி வளைந்துபோகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அதனால் நானே பின்னப் பழகினேன். கண்ணாடியின் முன் நின்று கை கடுக்கப் பழகி, ஒரு கிழமையில் இரட்டைப் பின்னலும் நேர் வகிடும் வந்துவிட்டன. அதை அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேமராவின் முன் போய் உட்கார வேண்டும். அதைப் பார்த்த கணத்தில் அம்மாவின் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு வேறு நினைவே இல்லை.

சனிக்கிழமை, வருகிற முறை இல்லாதபோதும் மாமா வந்தார். எனக்குச் சந்தோஷம். அவரும் அப்பாவும் சித்தப்பாவும் லயத்துக்குக் கீழே பீலியடியில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்த அப்பா பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கணினிச் சண்டை பெரிதாகிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் சிவப்பு ரிப்பன் கட்டி, கேமராவுக்கு நேரே உட்கார்ந்தேன். இருவரும் இருந்ததால் கையை எடுத்துவிட்டேன். கணினி மாமாவின் பக்கம் போனது. மணி ஒலித்தது. அம்மாவின் குரல் வந்தது. ஆனால் திரை கறுப்பாகவே கிடந்தது. கீழ் மூலையில் சின்னச் சதுரத்தில் என் படம் மட்டும் தெரிந்தது.

“பாப்பா, நீயா பின்னினே?”

“அம்மா, ஒங்க மொகம் தெரியல.”

“எனக்கு நீ நல்லாத் தெரியுற. திரும்பு, பாக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லு.”

திரும்பிக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சிக்னல் விட்டுவிட்டதென்று நினைத்து ஜன்னல் கம்பியில் இருந்த டொங்கலை ஆட்டினேன். அப்புறம் குரல் வந்தது. “வகிடு நேரா இருக்கு பாப்பா. கோடு போட்ட மாதிரி.”

நான் மாமாவின் பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “போற படம் போகுது பாப்பா. வர்ற படம் வரமாட்டேங்குது. அதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் எழுதணும். லினக்ஸ்ல அத இன்னும் யாரும் எழுதல.”

“போன கெழம வந்துச்சே.”

“போன கெழமைக்குப் பெறகு மாத்திட்டாங்க.”

அப்படியானால் கீழ் வரி இருக்கிறதே. “சித்தப்பா, ஒங்கட விண்டோஸ்ல பாப்போம்” என்றேன். அம்மாவிடம் இருக்கச் சொல்லிவிட்டு நானே கணினியை நிறுத்திப் போட்டேன். சித்தப்பாவின் வாழ்நாளிலேயே பெரிய வெற்றி வாசலில் நிற்கிறது, அதைத் திறந்துவிடப்போகிறவள் நான் என்று எனக்குப் பட்டது. சித்தப்பா மவுஸைப் பிடித்து அங்குமிங்கும் அழுத்தினார். மேசைக்குக் கீழே குனிந்து வயர்களைத் தொட்டார். நிமிர நேரமெடுத்தது. மீண்டும் அம்மாவின் குரல் வந்தது. மீண்டும் கறுப்புத் திரை.

“இதுலயும் அந்த டிரைவர் இல்ல” என்றார் சித்தப்பா.

“விண்டோஸ்ல எல்லாம் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். இது மட்டும் வராது.”

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அது அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுடையது எனக்குத் தெரியாது என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது. பேச்சு முடிந்ததும் கோபம் முழுவதையும் மாமாவிடம் காட்டினேன். கொண்டுவந்தவர் அவர்தானே. “ஒங்க லினக்ஸ் ஒண்ணுத்துக்கும் ஒதவாது மாமா.”

“ஆமா பாப்பா. ஒதவாதுதான்” என்றார் மாமா.

அதை அவர் வாயால் கேட்க சித்தப்பா எத்தனை மாதம் காத்திருந்தவர். ஆனால் சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அப்படிச் சொல்லாத மச்சான். அது நல்ல சாமான்தான்” என்றார்.

அதன்பிறகு மாமா ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். படம் மட்டும் வரவில்லை. அவர் வருவது டிரைவர் வேலைக்காக என்று நினைத்திருந்தேன். உலகத்தில் யாரோ ஒருவர் அதை எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதி முடிந்ததும் சும்மா தருவார் என்று மாமா சொன்னதை நம்பி, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அம்மாவுக்காகவும் அப்பாவுக்காகவும் கும்பிட்டபின் பெயர் தெரியாத அந்த மனிதருக்காகவும் கும்பிட்டேன். அவருக்குக் கை வலிக்கக் கூடாது என்று வேண்டியது நினைவிருக்கிறது.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, மறுபடி துளிர்த்தன. ஒரு ஞாயிறு, சதுரம் சதுரமாக அம்மாவின் முகம் திரும்பி வந்தது. தலையைச் சுற்றி, கன்னத்தையும் கழுத்தையும் மூடி ஒரு துணி கட்டியிருந்தார். அந்த நாட்டில் அப்படித்தான் கட்டுவார்கள் என்று அப்பா சொன்னார். எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. முகம் வந்துவிட்டது. மாமாவும் சித்தப்பாவும் படத்தைக் கொண்டுவந்தது யாருடைய சிஸ்டம் என்று அன்றைக்கே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். வீடு பழையபடி ஆனது.

பிறகு அம்மா வந்துசேர்ந்தபோது அவருடைய இடது காதின் கீழிருந்து கழுத்துவரை தோல் சுருங்கியிருப்பதைக் கண்டேன். எண்ணெய்ச் சட்டி சரிந்தது என்றார். எப்போது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா வீட்டில் இருந்தார், என் தலையைப் பின்னினார். வேறு கேள்வி எதற்கு?

கேள்வி கேட்பதே தொழிலாகிப்போன பிறகு, கொழும்பில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில், பக்கம் வடிவமைக்கும் நண்பரிடம் பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். லினக்ஸ் சரியில்லை என்பதற்கு உதாரணமாகத்தான் சொன்னேன். அவர் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார். “ஒங்க கேமராவுக்குத்தான் டிரைவர் வேணும். வர்ற படத்தப் பாக்கிறதுக்கு என்னத்துக்கு? எந்தச் சிஸ்டத்திலயும் அப்படி ஒரு கோளாறு கெடையாது. அந்தப் பக்கம் அவங்க கேமராவ நிப்பாட்டி வச்சிருப்பாங்க.” சொல்லிவிட்டு அவர் தன் பக்க வடிவமைப்புக்குத் திரும்பினார். நான் எழுதிக்கொண்டிருந்த செய்தியை அன்று முடிக்க முடியவில்லை.

மாமாவைப் போனில் அழைத்துக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமைக்கு முன்தினம் அம்மா அவருக்கு அழைத்தாராம். முகத்தின் ஒரு பாதியில் கட்டு. பிள்ளை பார்க்கக் கூடாது, ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றாராம். அம்மாவை ஊருக்குத் திருப்பி அழைப்பதற்காகக் கொழும்பில் மாமா ஏறி இறங்கிய அலுவலகப் படிகளைப் பற்றியும் அன்றுதான் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வந்தது அதன் நிலவரத்தை அப்பாவிடம் சொல்ல. “பொய் சொல்றதுன்னா வேற எதையாவது சொல்லியிருக்கலாமே மாமா” என்றேன். “வேற யார்மேல பழியப் போட்டாலும் நீ போய்க் கேட்டிருப்பே. இது ஒண்ணுதான் பதில் பேசாது” என்றார். சட்டி தானாகத்தான் சரிந்ததா என்று அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் கறுப்புத் திரை முதலில் வருவதில்லை. அதற்குப் பிறகு, பொழுது சாயும் நேரம் வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியில் மாமாவும் சித்தப்பாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஊற்றிக் கொடுத்த, பால் இல்லாத பிளேன்டி ஒரு கோப்பைதான் இருந்தது. மாமா குடித்துவிட்டுக் கொடுக்க, சித்தப்பா அதை வாங்கிக் குடித்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் அப்படிச் சண்டையில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. இரண்டு சிஸ்டமும் ஒரே நாளில் தோற்றுப்போனதால்தான் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தத் தோல்வியில் எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.