மூன்றாவது ராடு

பட்டறையில் அவருக்கு மைக்ரோ என்று பெயர். டீ கிளாஸைக்கூட மைக்ரோமீட்டர் வைத்து அளந்துதான் வாங்குவார் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பந்தயக் கார் இஞ்சின் கட்டுகிறவனுக்கு அந்தப் பைத்தியம் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அதில்தான் எண்ணெய் நிற்க வேண்டும். கூடினால் ராடு தட்டும். குறைந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த முறை இஞ்சின் தங்கை வீட்டுக்காரருக்கு. மாப்பிள்ளை போன பந்தயத்தில் சுவரில் மோதி விலா எலும்பை உடைத்துக்கொண்டவர். அது கூடுவதற்குள் மறுபடியும் வண்டி என்று குதித்தார். யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத ஜென்மம்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது தங்கை வந்தாள். சின்ன வயதிலிருந்தே இந்தப் பட்டறையில் பாகங்களைக் கழுவித் துடைத்தவள், விவரம் தெரியும்.

"அண்ணா, ஒரு ராடை மட்டும் இறுக்கமா வச்சுடேன். கார்ல ஏத்துறதுக்கு முன்னாடி இங்க பெஞ்சுல ஓடவிடுவீங்கல்ல, அப்பவே பிடிச்சுக்கட்டும். பந்தயத்துக்குள்ள வேற கிராங்க் கிடைக்காது. அதுக்கப்புறம் அவரை நான் பேசி நிறுத்திடுவேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நான் கட்டுன இஞ்சின் பெஞ்சுலயே நின்னா எவன் என்னை மதிப்பான்?"

"உன் பேரு பெருசா, அவரு உசுரு பெருசா?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குப் போ."

அவள் போனபின் மூன்றாவது ராடில் மெழுகு நூல் ஒன்றை வைத்து, மூடியை முடுக்கி, கழற்றி, நூல் நசுங்கிய அகலத்தை அளந்தார். இடைவெளி குறைவு, இறுக்கமாகத்தான் காட்டியது. கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அவள் கேட்டது தானாகவே நடந்திருக்கும். அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அலமாரியைக் குடைந்து வேறு வேறு பேரிங்காகப் போட்டுப் பார்த்து, அளவு சரியாக வந்தபிறகுதான் மூச்சு விட்டார்.

பெஞ்சில் இஞ்சின் முறுக்கிக்கொண்டு ஓடியது. மாப்பிள்ளை விலா வலியை மறந்து அவரைக் கட்டிக்கொண்டார். மைக்ரோவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பந்தயத்தன்று வளைவில் டயர் பிடி நழுவி, மறுபடியும் சுவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாப்பிள்ளையின் உயிர் போய்விட்டது.

இஞ்சின் பிடித்துக்கொண்டதால்தான் மோதியதோ என்று பார்க்க, அதைப் பிரிக்கச் சொன்னார்கள். அவரே பிரித்தார். எந்தப் பேரிங்கிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று முதலாளி தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த ஆறுதல்தான் மைக்ரோவுக்குத் தாங்க முடியவில்லை. நின்றபடியே அழுதார்.

தங்கை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து ஒரு பேரிங்கை எடுத்து விரலால் தடவினாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கே" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை.

"மூணாவது இறுக்கமாத்தான் வந்துச்சும்மா. நான்தான் மாத்திப் போட்டேன்."

அவள் பேரிங்கை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அதன்பின் அவரை அண்ணா என்று அவள் கூப்பிடவே இல்லை.