நாலு மூலையும் ஆறு மூலையும்

பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் கரியடுப்பு வைத்து ஓட்டிய பஸ் ஒன்று திருவாதவூர்ப் பாதையில் மூச்சடங்கி நின்று, ஏறிப் போனவர்களே இறங்கித் தள்ளினார்களே, அதற்கடுத்த தை மாதம். தள்ளியவர்களில் என் அய்யாவும் ஒருவர். டிக்கெட்டும் வாங்கித் தள்ளவும் வைத்துவிட்டான் என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். தனக்கு உள்ளது குறையக் கூடாது அவருக்கு. அதே மாதிரி, பிறத்தியார் பொருள் ஒரு மணி கூடவும் கூடாது.

அந்தத் தையில் அய்யாவும் சித்தப்பாவும் தனித்தனி அடுப்பில் பொங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்; வயல் மட்டும் பொதுவாகவே இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை.

"ஒங்களுக்குத்தான் திங்கிற வாய் அதிகம். நெல்ல கூட எடுத்துக்கங்கண்ணே."

"சரிபாதி போதும்டா" என்று அய்யா வெட்டிவிட்டார்.

நெல்லைத் தூற்றி முடிக்குமுன் வானம் கறுத்துவிட்டது. மரக்காலால் அளக்க நேரமில்லை. அப்படி அவசரமென்றால் எங்கள் பக்கம் ஒரே நீளத்தில் இரண்டு மூங்கில் தட்டிகளை வளைத்து நிறுத்தி, விளிம்புவரை நெல்லைக் கொட்டி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வது வழக்கம். சித்தப்பா ஊர்க் களங்களிலெல்லாம் தட்டி கட்டுகிறவர். மடமடவென்று கம்பு நட்டார். எங்கள் தட்டிக்கு ஆறு கம்பு, அவருடையதற்கு நாலு.

"ஏன்டா ரெண்டும் ரெண்டு தினுசா நிக்கிது?" என்றார் அய்யா.

"கெடச்ச கம்ப நட்டேன். ரெண்டு தட்டியும் பன்னெண்டு முழந்தான், ஒசரமும் ஒன்னு. அளந்து பாருங்க."

அய்யா சுற்றிவந்து முழம் போட்டார். சரியாகவே இருந்தது. ஆட்கள் கூடை கூடையாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தட்டிக்கும் நடுவே ஓடி ஓடிப் பார்த்தேன். அய்யா முழம் போடும்போது நானும் எண்ணியிருந்தேன். சித்தப்பா தட்டியில் ஒரு பக்கத்துக்கு மூன்று முழம். எங்களுடையதில் இரண்டே முழம்.

"சித்தப்பா பெருச எடுத்துக்கிட்டாரு" என்று கத்திக்கொண்டே நாலு மூலைத் தட்டிக்குள் ஏறிக் குதித்து, நெல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். "இதுதான் நமக்கு. எந்திரிக்க மாட்டேன்."

"எறங்குடா ராசா. ஒங்க பங்கு அந்தா இருக்கு. அதான்டா நல்லது."

அவர் கெஞ்சக் கெஞ்ச என் சந்தேகம் உறுதியாயிற்று. தூற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டும் ஒன்னுதானண்ணே. பச்சப்புள்ள கேக்குது, மாத்திக்கிட்டா என்ன?"

சித்தப்பா அய்யாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முதல் தூறல் விழுந்தது. "சரி, புள்ள கேட்டதே இருக்கட்டும்" என்று அய்யா முடித்துவிட்டார்.

கார்த்திகையில் நெல் கொட்டிவைத்திருந்த எங்கள் குதிர் அடி தட்டிவிட்டது. சித்தப்பா ஒரு மூட்டை நெல் கொண்டுவந்தார். அய்யா அதை இறக்கவே விடவில்லை. அறுப்புவரை கேப்பைக்கூழ்தான். அதைக் குடித்துக்கொண்டே, சித்தப்பாவின் களவைப் பிடித்தவன் நான் என்று தம்பிகளிடம் பீற்றிக்கொண்டேன். பெரிய பங்கை வாங்கியும் இப்படியென்றால், சின்னது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று அவர்களும் நம்பினார்கள்.

எனக்கு மீசை முளைத்த பிறகு, ஒரு அறுப்பில் நானே நாலு கம்பு நட்டுத் தட்டி கட்டினேன். நெல் கொள்ளாமல் வழிந்தது. என் மச்சினன் தட்டியைப் பிரித்து, இன்னும் இரண்டு கம்பு வாங்கி, அந்தத் தட்டியையே ஆறு மூலையாக நிறுத்தினான். வழிந்ததையும் சேர்த்துக் கொட்டியும் நெல் விளிம்புக்கு நாலு விரல் கீழேதான் நின்றது.

"மூலை கூடுனா வயிறும் கூடும் மாப்ள. தட்டி கட்டுற எவனுக்கும் தெரியுமே" என்றான்.

நான் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

என் தம்பிமாரும் இப்போது இல்லை. அவர்கள் பிள்ளைகள் கோச்சடையில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் சின்னத் தாத்தாவை இன்னும் களவாணி என்றுதான் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, பெரிய பங்கை அவர் எங்களுக்குத்தான் கட்டிவைத்திருந்தார் என்று சொல்லிவிடுங்கள்.