அம்மாவுக்காக ஒரு சாக்லேட் தோட்டம்

நான் பள்ளியில் படித்த காலத்தில் அம்மாவிடம் சாக்லேட் வாசனை அடிக்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு சாக்லேட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். சாயங்கால ரயிலில் அத்திப்பட்டுக்கு வந்து இறங்கினால் புடவை, தலைமயிர், டிபன் பாக்ஸ் எல்லாமே கோகோதான். தெருப் பிள்ளைகள் அவளை முட்டாய்க்காரம்மா என்று கூப்பிடுவார்கள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருத்தி கல்லூரிக்குப் போனாள். நான் வேதியியல் பட்டதாரி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அந்தக் கம்பெனி மூடியதும் அம்மா இரும்புக் குழாய் கம்பெனிக்குப் போனாள். குழாய்களை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கும் பிரிவு. முதலில் கண் எரிகிறது என்றாள். பிறகு பழகிவிட்டது என்றாள்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க கேஸ் நாற்றம். அடுப்புத் திருகு திறந்தே கிடந்தது. அம்மா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, ஏன் இப்டி ஓடியார?" என்றாள்.

மூக்கு நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். பழகிய வாசனையைத் தினமும் முகர்ந்து பார்த்தால் சிலருக்குத் திரும்பலாம் என்று பெரிய நம்பிக்கை இல்லாமல் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கடைச் சாக்லேட்டை நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பா கீது கண்ணு" என்றாள். அவ்வளவுதான். செடியாக இருந்தால் தண்ணீர் ஊற்றும்போதும் இலை துடைக்கும்போதும் வாசனை தானாகவே மூக்கில் ஏறும் என்று நினைத்தேன்.

பழைய பெயிண்ட் பக்கெட்டுகளை வாசலில் வரிசையாக வைத்தேன். சாக்லேட் புதினாவை வாங்கினேன்; இலை பச்சைதான், கசக்கினால் சாக்லேட் வாசனை வரும். கோலியஸ் வாங்கினேன், இலை கோகோ நிறம், வாசனை கிடையாது, அழகுக்கு மட்டும். ஆன்லைனில் சாக்லேட் காஸ்மாஸ் கிழங்கு வரவழைத்தேன். அதன் பூ கருஞ்சிவப்பாக இருக்கும், சாக்லேட்டாகவே மணக்கும் என்று போட்டிருந்தது.

எங்கள் ஊரில் செடி வளர்ப்பது என்றால் பாதி வேலை துடைப்பதுதான். அனல் மின் நிலையச் சாம்பல் ராத்திரி முழுக்க இறங்கும். விடிந்தால் எல்லா இலையும் ஒரே நிறம். அம்மா பழைய புடவைத் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். சாயங்காலம் நான் புதினாவைக் கசக்கி, உள்ளங்கையில் வைத்து அவள் மூக்கருகே நீட்டுவேன்.

"வருதா?"

"லேசா வர்ற மாரி கீது."

ஒரு மாதம் கழித்து, "நல்லா வருது கண்ணு" என்றாள். அன்றைக்கு லேபில் என்னோடு வேலை செய்யும் எல்லோரிடமும் சொன்னேன். டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அத்தை வந்தாள்.

"இன்னா யக்கா, பொண்ணு முட்டாய் தோட்டம் போட்டுகிதாமே? எப்ப காய்க்கும்னு சொல்லு, கூடைய எத்துகினு வர்றேன்."

"கிண்டல் பண்ணாதடி. இத மோந்து பாரு" என்று அம்மா குனிந்தாள். சாம்பல் படிந்த ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பச்சை தெரிந்தது. அதை விட்டுவிட்டாள். அடுத்த பக்கெட்டில் தேய்த்தாள். கோகோ நிறம் தெரிந்தது. கிள்ளி நீட்டினாள்.

அது அழகுக்கு வைத்த கோலியஸ்.

அத்தை முகர்ந்தாள். "இன்னா வாசன இதுல? வெறும் தழை நாத்தந்தான் வருது."

"உன் மூக்கு போச்சுடி. எனுக்கு சாக்லேட்டு கும்முனு வருது. எம்பொண்ணு படிச்சிட்டு போட்ட செடி."

நான் கதவருகில் நின்றிருந்தேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய் அடுப்புத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். அதுவரை அவள் சொன்ன ஒவ்வொரு 'வருது'ம் எனக்காகச் சொன்னது. வரவில்லை என்று என்னிடம் சொல்ல அவளால் முடியவில்லை. அவ்வளவு ஆசையோடு நான் தினமும் இலையை நீட்டியிருக்கிறேன்.

அதன்பிறகும் சாயங்காலங்களில் நீட்டினேன். நிறுத்தினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளும், வருது, வருது என்றாள்.

மார்கழியில் காஸ்மாஸ் ஒரே ஒரு பூ விட்டது. வெயில் ஏறியதும் குனிந்து முகர்ந்தேன். மெல்லியதுதான். ஆனால் அதே வாசனை. அவள் ரயிலில் கொண்டுவந்த வாசனை. மூச்சை வெளியே விட மனமில்லாமல் நின்றேன்.

"பூத்துகிச்சா பாப்பா?" அம்மா ஈரக்கையோடு வந்தாள். என் முகத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். 'வருது' என்று சொல்ல இப்போதே தயாராகிறாள் என்று தெரிந்தது.

"பூத்துச்சும்மா. ஆனா ஏமாத்திட்டானுங்க. இதுல வாசனையே இல்ல. வெறும் கலருதான்."

இறுகியிருந்த அவள் தோள் தளர்ந்தது.

"போனா போவுது வுடு. கலரு நல்லாத்தான் கீது" என்று சொல்லி, முந்தானை நுனியால் இதழில் படிந்திருந்த சாம்பலைத் துடைக்க ஆரம்பித்தாள். வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது.