செம்மண் பூசிய பலாக்கட்டை

எங்கள் மலையில் தோளில் கட்டையோடு ரோட்டுக்கு வரும் ஆம்பளையை யாரும் நல்லவிதமாக நினைப்பதில்லை. பெண்கள் தலையில் விறகு சுமந்து வந்தால் கண்டும் காணாமல் விடுவார்கள். ஆண் தோளில் வைத்தால் அது வேறு. என் தம்பி கட்டட வேலை என்று ஒரு மேஸ்திரியை நம்பி ஆந்திரா பக்கம் போனான். மேஸ்திரி அவனைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது செம்மரம் திருடும் காட்டில். பிடிபட்டு, சிறையில் கிடந்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தான். இப்போதும் பஸ்ஸில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறான். சுற்றுவட்டாரத்தில் மரம் வெட்டுப்பட்டால் முதலில் எங்கள் வீட்டு முன்னால்தான் ஃபாரஸ்ட் ஜீப் நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் போன வருடம் தோளில் ஒரு கட்டையோடு, பட்டப்பகலில், தார் ரோட்டில் நடந்தேன்.

எங்கள் ஊருக்குக் கீழே ஒரு மாதா கோயில் இருக்கிறது. எங்களில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர் இல்லை. ஆனாலும் திருவிழா நாடகத்துக்கு எல்லோரும் போவோம், நடிப்போம். அங்கே இருந்த ஃபாதர் வாலிபத்தில் சிலி என்ற தூர தேசத்தில் ஊழியம் செய்தவர். அந்த வருடம் அங்கத்திய கதையையே நாடகமாகப் போடலாம் என்றார்.

மபுச்சே என்று ஒரு ஜனம். காடும் மலையும்தான் அவர்கள் ஊர். ஸ்பெயின் ராஜாவின் ஆட்கள் இரும்புச் சட்டையும் குதிரையுமாக வந்து நிலத்தைப் பிடித்தார்கள். அந்த ஜனம் அதுவரை குதிரையைப் பார்த்ததில்லை. ஆளும் மிருகமும் ஒரே உடம்பு என்று நினைத்து நடுங்கினார்களாம். அவர்களில் ஒரு பையன் பிடிபட்டு ஸ்பெயின் தலைவனிடமே குதிரைக்காரனாக இருந்தான். ஆள் இறங்குவதையும் ஏறுவதையும் தினமும் பார்த்தான். தப்பி வந்து, "அது வேற, இது வேற" என்று தன் ஜனத்துக்குச் சொன்னான். அப்புறம்தான் அவர்கள் திருப்பி அடித்தார்கள்.

அவர்கள் தங்கள் தலைவனை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் ஃபாதர் சொன்னார். ஒரு பெரிய கட்டை. யார் அதிக நேரம் தோளில் தாங்குகிறானோ அவனே யுத்தத் தலைவன். எல்லோரும் இறக்கி வைத்த பிறகும் ஒருவன் மட்டும் பகலும் இரவுமாக நின்றானாம். பிற்பாடு அவனை ஸ்பெயின்காரர்கள் பிடித்தார்கள். கூர் சீவிய கழுவில் உட்கார வைத்துக் கொன்றார்கள்.

"கட்டை தூக்கறவன் பேசணுமா ஃபாதர்?" என்று எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் கேட்டார்.

"வேணாம். நின்னா போதும்."

"அப்போ இவன்தான். பொண்ணு பாக்கப் போன எடத்துலயே வாயத் தொறக்காதவன். மூட்டை தூக்கறதுக்கு இவன மிஞ்ச ஆளு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போளூரில் தெர்மாக்கோல் வாங்கிக் கட்டை மாதிரி செய்யலாம் என்றார் ஃபாதர். கவுண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "மலைக்காரன் அட்டையத் தூக்கிட்டு நின்னா கீழ்நாட்டான் சிரிப்பான் ஃபாதர்" என்றார். என் பட்டா நிலத்தில் காற்றுக்கு விழுந்த பலா ஒன்று கிடந்தது. அதில் ஒரு துண்டு அறுத்தோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமி காரியத்துக்குத் தூக்கும் எதையும் செம்மண் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துத்தான் தூக்குவோம். தூக்கியதைப் போய்ச் சேரும் இடம் வரை மண்ணில் வைக்க மாட்டோம். நாடகக் கட்டைக்கு இதெல்லாம் யாரும் கேட்கவில்லை. கவுண்டர் கைப்பழக்கத்தில் செய்தார். செம்மண்ணை நன்றாகக் குழைத்து இரண்டு பூச்சுப் பூசினார். பலாவின் மஞ்சள் முழுக்க மறைந்து கட்டை செக்கச்செவேல் என்று ஆனது. அழகாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னோம். அங்கே நின்ற ஒருவருக்கும் அந்த நிறம் வேறெதையும் ஞாபகப்படுத்தவில்லை.

மாதா கோயில் மைதானத்துக்கு ஒத்திகைக்குப் புறப்பட்டோம். நான் முன்னால். பின்னால் முகத்தில் கரி பூசி, மூங்கில் ஈட்டியோடு என் படை. வளைவு திரும்பியதும் எதிரே ஜீப்.

முன்சீட்டில் இருந்த ஆபீசர் இறங்காமலே கேட்டார்.

"இன்னாடா இது, பட்டப்பகல்லயே?"

கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"கீழ போடு."

தேங்காய் உடைத்துத் தூக்கியது. எப்படிப் போடுவது? ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். போடுவதற்குக்கூடக் கை அசையவில்லை.

"காது கேக்கல? கீழ போடுன்றேன். உன் கூட்டாளிங்க எங்க?"

திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் ஈட்டிகள் கிடந்தன. படையைக் காணோம். உண்ணிச்செடிப் புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"அந்த ஆந்திரா கேஸு வூடா?"

"அவன் என் தம்பிங்க சார்."

நான் முழுசாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். பேசியதும் தெரிந்தது, இதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று. வண்டியில் ஏறச் சொன்னார். தம்பி திரும்பி வந்த அன்று வாசலில் நின்ற கோலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இனி அவனையும் என் பிள்ளைகளையும் யார் பார்ப்பது? கழுமரம் ஞாபகத்துக்கு வந்தது. வியர்வையில் செம்மண் கரைந்து என் மார்பில் சிவப்பாக வழிந்தது.

"கட்டையோட எப்படி சார் ஏறுவான்?" என்றார் பின்னால் இருந்த இளம் ஃபாரஸ்ட் கார்டு.

அப்போதுதான் புதரிலிருந்து கவுண்டர் வந்தார். முகமெல்லாம் கரி. கும்பிட்டபடியே வந்தார்.

"சார், நாடகம் சார். ஃபாதர் நாடகம். இவன்தான் எங்க தலைவன்."

"தலைவனா? இவனா?"

"பேச்சு கெடையாது சார் இவனுக்கு. தூக்கறது மட்டும்தான்."

கார்டு இறங்கி வந்து கத்தியால் கட்டையைச் சுரண்டினார். உள்ளே மஞ்சள். ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

"பலாவுக்கு எதுக்குடா செவப்பு அடிச்சீங்க? வேற கலரே கெடைக்கலையா?"

கவுண்டர் மறுபடியும் கும்பிட்டார்.

ஜீப் கிளம்பும் முன், "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஆபீசர் சொல்ல, கார்டு செல்போனில் என்னைப் படம் எடுத்தார். சிவப்புக் கட்டையும் நானுமாக. சுரண்டிய பக்கம் படத்தில் விழாமல் அந்தப் புறம் இருந்தது.

படை ஒவ்வொருவராக வெளியே வந்து ஈட்டிகளைப் பொறுக்கியது.

"ஒண்ணுக்குப் போனேன் மாமா" என்றான் ஒருவன்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலயாடா வந்துச்சி?" என்றார் கவுண்டர்.

நான் மைதானம் போய்த்தான் கட்டையை இறக்கினேன்.

நாடகத்தன்று சாயங்காலம் கூட்டத்தில் அந்தக் கார்டைப் பார்த்தேன். கைலி கட்டி, மகளைத் தோளில் உட்கார வைத்திருந்தார். அந்தக் குழந்தை அவர் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஜீப் இல்லை, காக்கி இல்லை. குதிரையிலிருந்து ஆள் இறங்குவான் என்று தெரிந்தபின் அந்த ஜனத்துக்குப் பயம் போனது என்று ஃபாதர் சொல்லியிருந்தார். எனக்குப் போகவில்லை. ஸ்பெயின் வேஷக்காரன் அட்டைக் கத்தியை நீட்டிக் "கீழே போடு" என்றபோது நான் நடுங்கிய நடுக்கத்துக்கு ஜனம் கை தட்டியது.

நாடகம் முடிந்ததும் அந்தக் கார்டு கிட்டே வந்தார்.

"நல்லா செஞ்சீங்க. அந்தக் கட்டைய இன்னா பண்ணப் போறீங்க?"

"வூட்லதாங்க சார் இருக்கும். சாமிக்குப் பூசனது, எரிக்கக் கூடாதுங்க."

"இருக்கட்டும். அந்தச் செவப்பக் கழுவிடுங்க மொதல்ல."

படத்தைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் அவர் மகளோடு கூட்டத்தில் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கட்டையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். தம்பி தண்ணீர் சேந்தி ஊற்றினான். மேல்பூச்சு சுலபமாகக் கரைந்து மஞ்சள் தெரிந்தது. விரிசல்களுக்குள் இறங்கிய செம்மண் மட்டும் வரவில்லை. கத்தி முனையால் ஒவ்வொரு விரிசலாகச் சுரண்டினேன். நடுவில் வண்டிச் சத்தம் கேட்டுத் தம்பி வாளியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பினான். நானும் சுரண்டுவதை நிறுத்தினேன். பால் வண்டிதான். அது மேடேறிப் போகும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.