டேங்க் மனைக்குக் கூரை வந்த கதை

போளூரில் எங்கள் தெருவுக்கு அம்மாக்கண்ணு அக்கா குடிவந்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். சொந்த ஊர் ஜவ்வாது மலையில். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் வெகுதூரம் நடக்க வேண்டிய ஒரு சிற்றூர். சாமை விளைந்த நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்த பிறகு, அவருடைய கணவர் மாதையன் அரிசி மில்லில் மூட்டை தூக்கக் கீழே இறங்கினார். அக்காவும் கூடவே வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. லைன் வீட்டில் ஓர் அறையும் அடுப்படியும்தான் குடித்தனம். மாசி, பங்குனியில் மலையிலிருந்து புளி இறங்கும்போது வியாபாரியின் மண்டியில் உட்கார்ந்து கொட்டை எடுப்பார். மற்ற மாதங்களில் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போவார்.

லைன் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை உண்டு. முன்பு அங்கே தெருவுக்கான தண்ணீர் டேங்க் இருந்தது. விரிசல் விட்ட டேங்கைப் பேரூராட்சி இடித்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் கட்டியது. உடைந்த கான்கிரீட்டோடு மனை அப்படியே கிடந்தது. சீமைக் கருவேலம் மண்டியது. கோழி இறகு, கிழிந்த மெத்தை, எச்சில் இலை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். நாங்கள் அதை டேங்க் மனை என்றே சொல்லி வந்தோம்.

ஒரு கார்த்திகையில் புயல் மழை விடாமல் அடித்தது. அந்த மழையில் மாதையனுக்கு நெஞ்சுவலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது. சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாமென்றால் பாறை சரிந்து மலைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. வேறு வழியில்லாமல் வண்டி எங்கள் தெருவுக்குள் வந்து லைன் வீட்டு முன்னால் நின்றது.

வீட்டுக்காரர் குடையோடு வாசலில் வந்து நின்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வாடகை தாமதமானால்கூட சத்தம் போடாதவர்.

"அம்மாக்கண்ணு, தப்பா எடுத்துக்காத. உள்ள எறக்க வேணாம். பக்கத்து ரூம்ல அபிநயா புள்ள பெத்த பச்ச ஒடம்போட கீறா. அப்பால குடிவர்றவங்களும் யோசிப்பாங்க."

அக்கா சண்டை போடவில்லை. "அப்ப இவர நான் எங்கங்க எறக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனம். நமக்கும் இதே கதிதான் என்பது ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது.

எதிர்ச்சாரியில் இட்லிக் கடை போடும் கலைவாணிதான் முதலில் அசைந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கொடுவாளோடு வந்தாள். "வண்டி கொஞ்சம் நிக்கட்டும். டேங்க் மனைல எறக்கிக்கலாம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கருவேல முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். கொத்தனார் சுரேஷ் கடப்பாரையும் தார்ப்பாயும் கொண்டுவந்தான். நானும் இறங்கினேன். இன்னும் நாலைந்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மழையில் ஊறிய குப்பையை ஓரமாகத் தள்ளி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, இட்லிக் கடை பெஞ்சைப் போட்டு, மாதையனை அதில் கிடத்தினோம். அப்போதுதான் அக்கா அழுதார். அன்று சாயங்காலம் ஊர் இடுகாட்டிலேயே அடக்கம் நடந்தது. மலையிலிருந்து அக்காவின் தம்பி காசி மட்டும் எப்படியோ நடந்தே இறங்கி வந்து சேர்ந்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் பார்த்தால், அக்கா துடைப்பமும் கூடையுமாக டேங்க் மனையில் நிற்கிறார். துக்கத்தில் ஏதோ செய்கிறார் என்று விட்டுவிட்டோம். ஆனால் அதற்கடுத்த நாளும் வந்தார். வேலைக்குப் போகுமுன் கொஞ்சம் முள், கொஞ்சம் குப்பை என்று வாரிக்கொண்டே இருந்தார்.

கலைவாணிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்குக்கா இதப் போட்டு வாரிக்கினு கீற?"

"அன்னிக்கி நீங்கல்லாம் கை வெக்கலன்னா அவர ரோட்லதான் போட்டிருக்கணும். அதுக்கு நான் இன்னா திருப்பிச் செய்யறது, சொல்லு. இந்த எடத்தயாச்சும் சுத்தமா வெக்கறேன். நாளைக்கி இன்னொருத்தி வண்டியோட வந்து நிப்பா இல்ல?"

கலைவாணி கடைக்குப் போய் இன்னொரு துடைப்பத்தை எடுத்து வந்தாள்.

அக்கா சொன்னது தெருவுக்குள் பரவியது. இங்கே ஒரு கூரை இருந்தால் எவ்வளவு நல்லது என்று பேச்சு வளர்ந்தது. சாவுக்கு மட்டும் என்றில்லை. காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும்கூட ரோட்டை மறித்து ஷாமியானா போட்டு, பைக் ஓட்டுபவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த தெரு இது. வார்டு கவுன்சிலர் அசோக்குமார் எங்களைப் பேரூராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். செயல் அலுவலர் ஆனந்தி நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, மனையைப் பார்க்க ஒருநாள் நேரிலேயே வந்தார்.

அன்றைக்குத்தான் எதிர்ப்பு கிளம்பியது. மனைக்கு நேர் எதிரே ஜீவானந்தம் ஐயா வீடு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என் வூட்டு எதிர்லயே பொணம் வெக்க கூரை கட்டுவீங்களா? பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறேன். வர்றவங்க மொதல்ல இன்னாத்தப் பாப்பாங்க?"

கூட்டத்தின் பின்னாலிருந்த அம்மாக்கண்ணு அக்கா முன்னால் வந்தார்.

"ஐயா சொல்றது நாயந்தாங்க. சாவ வெச்சுத் தொறக்க வேணாம். மொதல்ல ஒரு நல்ல காரியம் நடக்கட்டும். அப்பாலயும் நல்ல காரியந்தான் நெறய நடக்கும். சாவு என்னிக்கோ ஒரு நாளு. அன்னிக்கி மட்டும் ஐயா ஜன்னல சாத்திக்கட்டுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஜீவானந்தம் ஐயாவின் மீசைகூட லேசாக அசைந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே ஆனந்தி மேடம் பேசினார். "ஐயா வீட்டுப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர் வெச்சுடலாம். கூரை, தரை, குழாய், கழிப்பறை எல்லாம் நாங்க போட்டுத் தர்றோம். ஆனா யாரும் பூட்டி வெச்சு சொந்தம் கொண்டாடக் கூடாது. கூட்டிப் பெருக்கி வெச்சுக்கறது உங்க பொறுப்பு. செய்வீங்களா?"

"அத நான் இப்பவே செஞ்சிக்கினுதாங்க கீறேன்" என்றார் அக்கா.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. ஒப்புதல் வரவே மாதங்கள் ஆயின. நடுவில் நாங்கள் நம்பிக்கை இழந்ததும் உண்டு. ஆனாலும் ஒருநாள் ஜேசிபி வந்து கான்கிரீட்டை அள்ளிக்கொண்டு போனது. தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் கொட்டிச் சமன் செய்தோம். பேரூராட்சி தகரக் கூரை போட்டது. சுரேஷ் தன் கூலியை விட்டுக்கொடுத்துச் சுற்றிலும் உட்காரத் திண்ணை கட்டினான். விளக்குக்கு ஒயர் இழுத்தது யார் தெரியுமா? ஜீவானந்தம் ஐயா. "கண்டவன் வந்து இழுத்தா ஷாக் அடிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

முதல் விசேஷம் அபிநயா குழந்தையின் காதுகுத்து. மாதையன் இறந்தபோது பச்சைக் குழந்தையாக இருந்தவள், அதற்குள் கை பிடிக்காமலே நடந்தாள். அக்கா கூச்சத்தோடு குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றார். அபிநயா விடவில்லை. "யக்கா, இவள ராவெல்லாம் தூக்கி வெச்சிக்கினது நீ. இப்ப மட்டும் எங்க ஒளியற?" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து, தாய்மாமனுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். வீட்டுக்காரரும் வந்து சாப்பிட்டார். அக்காதான் அவருக்கு வடை பரிமாறினார்.

இப்போது மத்தியானங்களில் பெண்கள் அங்கே உட்கார்ந்து புளி உடைக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

சென்ற கோடையில் அரிசி மில்லில் வேலை செய்த வடநாட்டுப் பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனான். ஊருக்கு அனுப்ப ஏற்பாடாகும் வரை உடலை வைக்க இடம் கிடைக்கவில்லை. அசோக்குமார் போன் செய்ததும் அக்கா மண்டியிலிருந்து ஓடிவந்தார். தரையைக் கழுவி, தலைமாட்டில் விளக்கேற்றினார். கூட வேலை செய்தவர்கள் பாஷை தெரியாமல் சுவரோரம் நின்றார்கள். அக்கா அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, சொந்த மகனுக்கு அழுவதுபோல் வாய்விட்டு அழுதார்.

"எங்கியோ இவனப் பெத்தவ ஒருத்தி கீறா. அவ வர முடியல. இங்க அழறதுக்கு ஒரு பொம்பளயாச்சும் வேணாமா?" என்றார் என்னிடம்.

எதிர் வீட்டு ஜன்னல் அன்று சாத்தித்தான் இருந்தது. ஆனால் பின்வாசல் வழியாக அந்தப் பையன்களுக்கு ஒரு தூக்கு நிறைய காபி வந்தது.

மலைக்கே வந்துவிடச் சொல்லி காசி அடிக்கடி கூப்பிடுகிறான். அக்கா பொங்கலுக்குப் போவார், சில நாளில் திரும்பிவிடுவார். வரும்போது, அன்று மழையில் முள் வெட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை சாமை வரும். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார். இந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த சாமையில் கல் கொஞ்சம் அதிகம். அதைச் சொன்னேன்.

"பொடச்சித் தின்னு, பல்லு நல்லாத்தான கீது" என்று சிரித்தபடி அடுத்த வீட்டுக்குப் போனார்.